14ஆம் எண் வீடு

அன்புள்ள ஆசிரியருக்கு,

மகளைப் பார்க்க லண்டன் வந்தபோது ஷோர்டிச்சில் உள்ள ‘மியூசியம் ஆஃப் தி ஹோம்’ போயிருந்தோம். 1630 தொடங்கி காலவாரியாக வரவேற்பறைகளை அமைத்திருக்கிறார்கள். கண்கொள்ளாக் காட்சி. பிறகு 14ஆம் எண் வீட்டுக்குக் கூட்டிப்போனார்கள். அந்தக் கட்டடம் முழுவதுமே ஒருகாலத்தில் இரும்பு வணிகர் சங்கத்து விதவைகளும் முதியவர்களும் தங்கிய தரும இல்லமாம். கட்டில், மேசை, நாற்காலி, கணப்பு, அவ்வளவுதான் ஓர் அறை. “ஜெயில் மாதிரி இருக்கு” என்றாள் என் மனைவி. இந்த இல்லத்துக்குச் சொத்தை எழுதிவைத்து, வாசலுக்கு மேலே சிலையாக நிற்கும் ராபர்ட் ஜெஃப்ரியோ அடிமை வணிகத்தில் பணம் போட்டவர். இதை எப்படித் தருமம் என்பது?

க., கோவை

அன்புள்ள க.,

உங்கள் மனைவி சொன்னதில் பாதியை ஒப்புக்கொள்கிறேன். அங்கே கட்டுப்பாடுகள் இருந்தன, இரவில் வெளிக்கதவைப் பூட்டிவிடுவார்கள். ஆனால் அந்தக் கணப்பை இன்னொரு முறை நினைத்துப் பாருங்கள். ஒரு வீட்டில் நான்கு அறை, அறைக்கு ஒரு கணப்பு. குளிர் காய்வதும் அதில்தான், சமைப்பதும் அதில்தான். தன் அடுப்பு, தன் பாத்திரம், உள்ளிருந்து சாத்திக்கொள்ளத் தன் கதவு. அதே கிங்ஸ்லேண்ட் சாலையில் சற்றுத் தள்ளி ஷோர்டிச் ஏழைகளுக்கான பணிவிடுதி இருந்தது. பிறகு செயின்ட் லியனார்ட்ஸ் மருத்துவமனையாக ஆனது அதுதான். பணிவிடுதி என்றால் பொதுக்கூடத்தில் படுக்கை, சீருடை, பொதுப்பந்தியில் கஞ்சி. 1834 ஏழைகள் சட்டத்துக்குப் பிறகு புருஷனையும் பெண்டாட்டியையும்கூடப் பிரித்துத்தான் வைப்பார்கள். வயதான ஒரு பெண்ணுக்கு இந்த இரண்டில் எது ஜெயில்?

இங்கே வந்தவர்கள் பரம ஏழைகளும் அல்ல. லண்டன் வழக்கப்படி சங்க உறுப்பினரின் விதவை கணவன் தொழிலைத் தானே நடத்தலாம், பயிற்சிப் பையன்களையும் வைத்துக்கொள்ளலாம். முடிந்தவர்கள் நடத்தினார்கள். உடம்பு ஓய்ந்தோ கடனில் மூழ்கியோ கடையை விட்டவர்கள்தான் இப்படிப்பட்ட இல்லங்களின் படியேறினார்கள். அதிலும் ஒரு வேடிக்கை: சங்க உறுப்புரிமை அப்பன் வழியாகப் பிள்ளைக்கு வரும் என்பதால், இரும்பையே தொடாதவர்களும் இரும்பு வணிகர் சங்கத்தில் இருந்தார்கள்.

என்னை உறுத்துவது வேறு. நீங்கள் ரசித்த வரவேற்பறைகளில் பல எங்கே நிற்கின்றன தெரியுமா? அந்த முதியவர்களின் அறைகள் இருந்த இடத்தில். 1714இல் கட்டிய 14 வீடுகள் அவை. இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் அக்கம்பக்கம் நெருக்கடியாகிப்போகவே, சங்கம் தன் முதியவர்களை லண்டனுக்குத் தென்கிழக்கே உள்ள மாட்டிங்ஹாமுக்கு மாற்றிவிட்டு இடத்தை விற்றது. 1914இல் அது மரச்சாமான் அருங்காட்சியகமானது. ஷோர்டிச் அப்போது தச்சர்களின் ஊர், நல்ல பழைய வேலைப்பாட்டைப் பார்த்து அவர்கள் கற்றுக்கொள்ளட்டும் என்பது எண்ணம். நல்ல எண்ணம்தான். அதற்காக உள்சுவர்களை இடித்து நீளக் கூடங்களாக்கினார்கள். ஆக, ஒண்டிக்கட்டைக் கிழவிகள் வாழ்ந்த இடத்தில் வசதியான குடும்பங்களின் சோபாக்கள் வந்து உட்கார்ந்தன. அவர்கள் வாழ்ந்ததற்குச் சாட்சியாக 14ஆம் எண்ணை மட்டும் பழையபடி சீரமைத்துத் திறக்க 2002 வரை ஆயிற்று. அதிலும் 1780களின் அறை ஒன்று, 1880களின் அறை ஒன்று. இரண்டாவதில் சாமான்கள் கூடியிருப்பதைக் கவனித்திருப்பீர்கள். ஏழ்மைக்குள்ளும் நூறு வருடத்தில் இவ்வளவு ஏறியிருக்கிறது. வரவேற்பறைகளை விட எனக்கு இதுதான் சுவாரஸ்யம்.

ஜெஃப்ரி விஷயத்தில் மழுப்ப ஒன்றுமில்லை. லண்டன் மேயராக இருந்தவர், பிள்ளையில்லாமல் 1704இல் இறந்தார், சொத்தின் ஒரு பகுதியை இதற்கு எழுதிவைத்தார். அந்தச் சொத்தில் அடிமை வணிகம் செய்த ராயல் ஆப்பிரிக்கன் கம்பெனியில் போட்ட பணமும் உண்டு. 2020இல் அருங்காட்சியகமே மக்களிடம் கருத்துக் கேட்டது. பெரும்பாலானோர் சிலையை அகற்றச் சொன்னார்கள், நிர்வாகக் குழு அகற்றவில்லை. கேட்காமலே இருந்திருக்கலாம். இத்தனைக்கும் நீங்கள் பார்த்தது நகல். அசல் சிலை முதியவர்களோடு அப்போதே மாட்டிங்ஹாம் போய்விட்டது. அந்த நகலை இறக்கி உள்ளே, 14ஆம் எண்ணுக்குப் போகும் வழியில், பணம் எங்கிருந்து வந்தது என்ற விவரத்தோடு வைக்கலாம் என்பது என் கட்சி.

ஆனால் உங்கள் கேள்வி அவரைப் பற்றியது. அந்த அறையில் குளிர்காலத்தில் கணப்பு மூட்டியவளிடம் போய் இது தருமமா என்று கேட்டால், நிலக்கரி விலையைப் பற்றித்தான் அவள் பேசியிருப்பாள் என்று நினைக்கிறேன்.