மூன்றரை லட்சமும் முதல் கைட்டும்: ஒரு வாசகருக்குப் பதில்

கேள்வி: திருகோணமலை உப்புவெளியில் இருக்கிறேன். நானும் தம்பியும் போன வருடம் மேற்குக் கரையில், கற்பிட்டியில் கைட்சேர்ஃபிங் (பெரிய பட்டம் இழுக்க, பலகையில் நின்று தண்ணீரில் ஓடுவது) பாடம் முடித்தோம். இருவரும் போர்டில் எழும்பி இரண்டு பக்கமும் ஓடுவோம். காற்றுக்கு எதிராக ஏறி, புறப்பட்ட இடத்துக்கே திரும்பி வருவதுதான் இன்னும் பிடிபடவில்லை. எனக்கு 72 கிலோ, தம்பிக்கு 58. சேர்த்து வைத்திருப்பது மூன்றரை லட்சம். ஒரு தரகர் 12 (சதுர) மீற்றர் கைட், பார் (கைட்டை ஓட்டும் கைத்தடி), போர்ட், ஹானஸ் (கைட்டின் இழுவையை உடம்பு தாங்கக் கட்டும் பட்டி), பம்ப் எல்லாம் ஒரே செட்டாக 340,000 ரூபாவுக்குத் தருகிறார். 2014 மொடல், இரண்டு சீசன்தான் ஓடியதாம். ஞாயிற்றுக்கிழமைக்குள் 50,000 அட்வான்ஸ் கட்டச் சொல்கிறார். வாங்கலாமா?

பதில்: வாங்க வேண்டாம். அட்வான்ஸும் கட்ட வேண்டாம்.

முதலில் வயதைப் பார்ப்போம். இரண்டு சீசன்தான் ஓடியது என்பது உண்மையாகவே இருக்கட்டும். மிச்சக் காலம் முழுக்க அந்தக் கைட் எங்கே இருந்தது? பைக்குள் மடித்தபடி, உப்போடு, எங்கள் வெக்கையில். கைட்டின் முன்விளிம்புக்குள்ளும் குறுக்குக் குழாய்களுக்குள்ளும் காற்றுப்பை இருக்கிறது. அந்தப் பையோடு வால்வை ஒட்டியிருப்பது பசை. சூட்டிலும் ஈரப்பதத்திலும் பசை இளகி, வால்வு மெல்லக் கழன்று வரும். ஓடினாலும் ஓடாவிட்டாலும் இது நடக்கும். நீங்கள் கரையிலிருந்து முந்நூறு மீற்றர் தள்ளி நிற்கும்போது முன்விளிம்பு காற்றிறங்கினால், அந்தக் கைட் தண்ணீரிலிருந்து மறுபடி எழும்பாது. ஐந்து வருடத்துக்கு மேற்பட்ட கைட்டை முதல் கைட்டாக வாங்காதீர்கள். விலை எவ்வளவு இறங்கினாலும் சரி.

"ஒரு சீசன்" என்ற கணக்கையும் நம்பாதீர்கள். சுற்றுலா வந்து இரண்டு கிழமை ஓடிவிட்டுப் போகிறவரின் சீசன் வேறு, பயிற்சிப் பள்ளிக் கைட்டின் சீசன் வேறு. பள்ளிக் கைட் காலை முதல் மாலை வரை வெயிலில் கிடக்கும், கரையில் காற்றில் படபடக்கும், பழகுகிறவர்கள் கையில் மூக்குக் குப்புறத் தண்ணீரில் மோதும். துணியை அரிப்பது வெயிலும் அந்தப் படபடப்பும்தான். பள்ளிகள் ஒதுக்கிய கைட்டைத் தரகர்கள் மொத்தமாக எடுத்து, பாரின் கைப்பிடியை மட்டும் புதிதாக்கி, "ஒரே ஆள் பாவித்தது" என்று தள்ளிவிடுவது எனக்குத் தெரிந்து பல வருடமாக நடக்கிறது.

பார்க்கிற முறை இதுதான். துணியின் பின்விளிம்புப் பக்கத்தை இரண்டு விரலுக்கு நடுவில் கசக்குங்கள். நல்ல துணி புது ரூபாத் தாள் மாதிரி மொறமொறக்கும். வெயிலில் களைத்தது சத்தமில்லாமல் சோர்ந்து கிடக்கும். அப்புறம் அதே இடத்தை இரண்டு கையாலும் பிடித்துப் பெருவிரலால் அழுத்தித் தள்ளுங்கள். கிழிந்துவிடுமோ என்று விற்பவர் பதறினால் பதில் கிடைத்துவிட்டது. பிறகு நிழலில் வைத்து 7 பிஎஸ்ஐ அழுத்தம் வரும்வரை காற்று அடியுங்கள். குறுக்குக் குழாய்களுக்குப் போகும் கிளிப்புகளை எல்லாம் பூட்டுங்கள். ஒரு கிளிப் திறந்திருந்தால் எந்தப் பையில் ஓட்டை என்று தெரியாது. மூன்று மணித்தியாலம் கழித்து வந்து குழாய் ஒவ்வொன்றையும் அழுத்திப் பாருங்கள். "நேரமில்லை, வேறு ஆள் காத்திருக்கிறார்" என்று யாராவது சொன்னால் அந்த வேறு ஆளுக்கே கொடுக்கச் சொல்லிவிட்டு வந்துவிடுங்கள்.

மொடல் வருடத்தை வாய்ப்பேச்சில் ஏற்காதீர்கள். பெயரையும் வருடத்தையும் கேட்டு, அந்த வருடத்து நிறமும் வடிவமும் எப்படி என்று இணையத்தில் படத்தோடு ஒப்பிடுங்கள். பெரும்பாலான கம்பனிகள் ஒன்றிரண்டு வருடத்துக்கு ஒருமுறை நிறத்தை மாற்றும். ஐந்து நிமிட வேலை, இதைச் செய்யாமல் ஏமாந்தவர்கள் ஏராளம்.

இனி அளவு. உங்கள் எடைக்கு 12 மீற்றர் கைட் 13 முதல் 18 நொட் (ஒரு நொட் மணிக்கு 1.85 கிலோமீற்றர்) வரையான காற்றுக்குச் சரி. ஆனால் கற்பிட்டியில் மே முதல் செப்டெம்பர் வரை பல நாள் 20 நொட்டைத் தாண்டும். 58 கிலோ உள்ள தம்பியை அந்தக் காற்றில் 12 மீற்றரில் மாட்டிவிடுவது ஆபத்து. அவரைத் தூக்கிக்கொண்டு போய்விடும். இரண்டு பேருக்கும் ஒரே கைட் என்றால் 9 அல்லது 10 மீற்றர் வாங்குங்கள். காற்று குறைந்த நாளில் தம்பி ஓடட்டும், கூடிய நாளில் நீங்கள் ஓடுங்கள். நடுத்தரக் காற்றில் மாறி மாறி. ஒருவர் கரையில் நிற்பதும் நல்லதுதான், கைட்டை எழுப்பவும் இறக்கவும் தெரிந்த ஆள் ஒருவர் எப்போதும் வேண்டும். வானிலைத் திணைக்களத்தின் கடற்பரப்பு அறிவித்தல் கிலோமீற்றரில்தான் வரும். 1.85 ஆல் வகுத்தால் நொட். மணிக்கு 30–40 கிலோமீற்றர் என்றால் 16 முதல் 22 நொட் வரை. அறிவித்தல் மீனவருக்கானது, உங்கள் கரையில் எந்தப் பக்கத்திலிருந்து அடிக்கிறது என்பதை நீங்களேதான் பார்க்க வேண்டும்.

காசை எங்கே போடுவது என்று கேட்டால், பாரில் போடுங்கள். கைட்டின் நிறத்தையும் போர்டின் படத்தையும் பார்த்து வாங்கும் பிள்ளைகள் பாரைப் பார்ப்பதே இல்லை. உங்கள் உயிர் தொங்குவது அதில்தான். ஆபத்து வந்ததும் கைட்டைக் கழற்றிவிடும் விடுவிப்புப் பொறி அங்கேதான் இருக்கிறது. அதற்கென்று 2020இல் ஐஎஸ்ஓ 21853 என்ற சர்வதேசத் தரம் வந்தது. அந்தத் தரத்துக்கு ஏற்பச் செய்த பார் என்றால் நல்லது. மிகப் பழைய பார்கள் சிலவற்றில் பொறியைத் தள்ளினாலும் கைட் முழுதாகத் துவளாது, பாதி இழுவையோடு உங்களை இழுத்துக்கொண்டே போகும். தள்ளியதும் கைட் ஒற்றை முன்லைனில் (கைட்டையும் பாரையும் இணைக்கும் நாலு கயிற்றில் நடுவில் உள்ள ஒன்றில்) தொங்கி, கொடி மாதிரி துவள வேண்டும். வாங்கும் முன் ஹானஸைப் போட்டு, பாரின் வளையத்தை ஹானஸ் கொக்கியில் மாட்டி, முன்லைன்களை உறுதியான ஒரு கம்பத்தில் கட்டி, உடம்பின் முழுப் பாரத்தையும் பின்னுக்குச் சாய்த்து, ஒரே கையால் பொறியைத் தள்ளுங்கள். மணலும் உப்பும் ஏறிய பொறி சும்மா பிடித்துத் தள்ளும்போது வழுக்கிக்கொண்டு திறக்கும், பாரம் ஏறியதும் இறுகிவிடும்.

லைன்களையும் பாருங்கள். நாலு நுனியையும் ஒரே ஆணியில் மாட்டி, பாரைப் பிடித்துப் பின்னால் போய், பாரை முழுதாக உள்ளே இழுத்து, டிப்பவர் பட்டியை (கைட்டின் இழுவையைக் குறைக்கும் பட்டியை) முழுதாகத் தளர்த்திவிட்டுப் பாருங்கள். நாலும் ஒன்றுபோல் இறுகி பார் நேராக நிற்க வேண்டும். நடு இரண்டு லைனும் அதிகப் பாரம் தாங்குவதால் நாளடைவில் நீளும். அது நீண்டால் வெளி இரண்டும் கட்டையாகி, கைட் பின்னுக்குச் சரிந்து விழுந்துகொண்டே இருக்கும். பழகுகிறவர் தனக்குத்தான் ஓட்டத் தெரியவில்லை என்று நினைத்து மாதக்கணக்கில் மல்லுக்கட்டுவார்.

உதிரிப்பாகம் தேடும்போது பெயரில் குழம்பாதீர்கள். 2018 வரை நார்த் என்ற பெயரில் கைட் செய்த நிறுவனம் அந்த வருடம் டியோடோன் என்று பெயர் மாறியது. இன்று நார்த் என்று விற்பது வேறு நிறுவனத்துடையது. பழைய நார்த் பாருக்கு டியோடோனில்தான் கேட்க வேண்டும்.

தைத்த கைட் வாங்கவே கூடாதா என்று அடுத்த கேள்வி வரும். வாங்கலாம், இதில் மட்டும் நிதானமாகப் பார்க்க வேண்டும். துணியின் நடுவில் கையகலக் கிழிசல், இரண்டு பக்கமும் ஒட்டுத்துணி வைத்து, ஓரத்தைச் சுற்றி வளைந்து வளைந்து போகும் ஸிக்ஸாக் தையல் போட்டிருந்தால் பிரச்சினை இல்லை. சொல்லப்போனால், தையலை மறைக்காமல் காட்டுகிறவரிடம் வாங்குவதே மேல். ஒட்டுத்துணி மட்டும் ஒட்டி, தைக்காமல் விட்டிருந்தால், கிழிசல் விரல் நீளத்துக்குள் இருந்தால் சரி, அதற்கு மேல் என்றால் தைக்கச் சொல்லுங்கள். பின்விளிம்பு வரை ஓடிய கிழிசல் என்றால், அந்த விளிம்பின் மடிப்புப் பட்டியையும் மாற்றியிருக்கிறார்களா என்று பாருங்கள். மாற்றாவிட்டால் அதே இடத்தில் மறுபடி போகும். முன்விளிம்புத் தையல் விட்டு, அதைச் சட்டை தைக்கும் நூலால் நேர்த்தையல் போட்டிருந்தால் தொடவே வேண்டாம். உள்ளே காற்றழுத்தம் ஏறியதும் அந்த நூல் ஓடும், கூடவே காற்றுப்பையும் வெடிக்கும். முன்விளிம்பையே பாய்மரம் தைக்கிறவரோ கைட் திருத்துகிறவரோ கனமான பொலியெஸ்டர் நூலால் முறையாகத் தைத்திருந்தால், அந்த இடத்தை மேலே சொன்ன மூன்று மணித்தியாலச் சோதனையில் தடவிப் பார்த்து, தையல் ஓட்டை விரிந்திருக்கவில்லை என்றால் வாங்கலாம். ஆனால் விலையில் கால் பங்காவது குறைக்கச் சொல்லுங்கள்.

போர்டில் காசை மிச்சம் பிடியுங்கள். 140 சென்ரிமீற்றரை ஒட்டிய இருமுனைப் போர்ட் ஒன்று உங்கள் இருவருக்கும் போதும். கீறல், நிறம் போனது எதுவும் பிரச்சினை இல்லை. ஓரம் பிளந்து தண்ணீர் குடித்ததா, துடுப்பு ஆணிகள் துருவேறிக் கழலாமல் நிற்கின்றனவா என்று மட்டும் பாருங்கள். ஹானஸ் ஆளுக்கு ஒன்று வேண்டும். தொடைப்பட்டியுள்ள இருக்கை ஹானஸ் பழகுகிறவர்களுக்கு நல்லது, நெஞ்சுக்கு ஏறி மூச்சை அடைக்காது. மோட்டார் சைக்கிள் ஹெல்மெட் போடாதீர்கள். தண்ணீருக்கான ஹெல்மெட் மலிவாகவே கிடைக்கும்.

தரகர் போர்ட் லீஷ் (போர்டை உங்களோடு கட்டிவைக்கும் கயிறு) ஒன்றை இலவசமாகச் சேர்த்துத் தருவார். வாங்கி வீட்டில் துணி காயப்போடக் கட்டுங்கள், போர்டில் கட்டாதீர்கள். கைட் உங்களை இழுக்கும்போது போர்ட் தண்ணீரில் சிக்கி, லீஷ் இழுபட்டு, போர்ட் பாய்ந்து வந்து பின்மண்டையில் அடிக்கும். போர்டைப் பிரிந்தால் கைட் இழுக்க, தண்ணீரில் கிடந்தபடி உடம்பாலேயே காற்றுக்கு எதிராக ஏறிப் போய் எடுக்க வேண்டும். அது பிடிபடாவிட்டால், ஒரு சாமானும் வாங்கும் முன் அந்த ஒரு பாடத்தை மறுபடி எடுங்கள்.

மூன்றரை லட்சத்தை இப்படிப் பிரியுங்கள்: மூன்று நாலு வருடக் கைட்டுக்கு ஒன்றரை லட்சம், நல்ல பாருக்கு ஒரு லட்சம், போர்டுக்கு முப்பதாயிரம், மிச்சம் ஹானஸ்களுக்கும் ஹெல்மெட்டுக்கும் பம்புக்கும். செட்டாக வாங்கினால் மலிவு என்பது தரகர் கட்டிய கதை. அவரிடம் விற்காமல் கிடக்கும் ஒரு சாமான் எப்போதும் அந்தச் செட்டுக்குள் இருக்கும்.

வெளிநாட்டிலிருந்து தருவிக்கலாமா என்றும் யோசிப்பீர்கள். சாமான் விலையோடு அனுப்பும் கூலியும் காப்புறுதியும் சேர்ந்த தொகைக்குத்தான் வரி. அதற்கு மேல் 2024 ஜனவரியிலிருந்து 18 சதவீத வற் (பெறுமதி சேர் வரி). மற்ற வரிகள் எந்தச் சுங்கக் குறியீட்டில் சாமானைப் போடுகிறார்கள் என்பதைப் பொறுத்தது. இது பட்டமா, நீர் விளையாட்டுச் சாமானா என்று கேட்டால் ஆளுக்கொரு பதில். எழுத்தில் ஒரு பதில் வாங்குவதற்குள் சீசன் முடிந்துவிடும். பாதுகாப்பான பார் ஒன்றைத் தன் காசில் வாங்க நினைக்கும் பிள்ளைக்கு, எவ்வளவு கட்ட வேண்டும் என்று முன்கூட்டியே சொல்ல இந்த நாட்டில் நேரான வழி இல்லை என்பது எனக்குப் பெரிய ஆற்றாமை. அந்த இடைவெளியில்தான் "நான் கிளியர் பண்ணித் தருகிறேன், முதலில் காசைப் போடுங்கள்" என்கிறவர்கள் பிழைக்கிறார்கள். சாமானைத் தொடும் முன் ஒரு ரூபாவும் போடாதீர்கள்.

இன்னொன்று, நீங்கள் கேட்காதது. வாங்கியதும் உப்புவெளியிலேயே இறக்கிப் பார்க்க ஆசை வரும். வைகாசி தொடங்கிக் கச்சான் (தென்மேற்குக் காற்று) அடிக்கும் மாதங்களில் எங்கள் கரையில் காற்று தரையிலிருந்து கடலுக்குப் போகிறது. கரையோரம் தண்ணீர் தட்டையாக, காற்று விட்டு விட்டு மெல்லத்தான் அடிக்கும். உள்ளே போகப் போகக் கூடும். காற்றுக்கு எதிராக ஏறி வரத் தெரியாத ஒருவர் அதில் இறங்கினால் திரும்பி வர முடியாது, அந்தப் பக்கம் அந்தமான் வரை வங்காள விரிகுடாதான். உப்புவெளியிலும் நிலாவெளியிலும் கச்சானில் இறங்காதீர்கள். சினேகிதரின் மீன்பிடிப் படகு அங்கேதான் நிற்கிறது என்பது காரணமாகாது, அவருக்குத் தன் வலையைப் பார்க்கும் வேலை இருக்கிறது. வாடை (வடகிழக்குக் காற்று) காலத்தில் காற்று கரைக்கு வரும், ஆனால் அலை உடைந்து உங்களையும் கைட்டையும் மணலில் குத்தும். இந்த வருடம் சாமானைக் கட்டிக்கொண்டு அனுராதபுரம், புத்தளம் வழியாகக் கற்பிட்டிக் களப்புக்கே போங்கள். இடுப்பளவுத் தண்ணீர், தெரிந்த பயிற்றுநர்கள், மீட்புக்குப் படகு எல்லாம் அங்கே இருக்கிறது.

வாங்குவதற்கும் அதுவே இடம். சீசன் முடியும் நேரத்தில் ஊர் திரும்பும் வெளிநாட்டவர்கள் விமானத்தில் பாரத்துக்குக் காசு கட்ட மனமில்லாமல் சொந்தக் கைட்டை விற்றுவிட்டுப் போவார்கள். உங்களுக்குப் பாடம் சொன்ன பயிற்றுநரிடம் 9 அல்லது 10 மீற்றர் என்று இப்போதே சொல்லி வையுங்கள். விற்கிறவர் அதே கைட்டில் ஓடுவதைக் கரையில் நின்று பார்த்துவிட்டு, பின்னேரம் பம்பை எடுங்கள்.