மகளின் ஹார்ப்புக்காக வீட்டு மோர்ட்கேஜில் கை வைக்கலாமா?

கேள்வி: என் மகளுக்கு 23 வயது. கார்டிஃபில் ராயல் வெல்ஷ் இசைக் கல்லூரியில் ஹார்ப் (யாழ் போன்ற பெரிய தந்திக்கருவி) படித்து இந்தக் கோடையில் முடித்திருக்கிறாள். இதுவரை கல்லூரி ஹார்ப்பில்தான் வாசித்து வந்தாள். அதைத் திருப்பிக் கொடுத்தாயிற்று. இப்போது 26,000 பவுணுக்குப் புது கான்செர்ட் கிராண்ட் (மேடைக் கச்சேரிக்கான முழு அளவு ஹார்ப்) ஒன்றைப் பார்த்து வைத்திருக்கிறாள். எங்கள் மோர்ட்கேஜ் (வீட்டுக்கடன்) இன்னும் 20 வருடம் ஓடும். அதிலேயே இந்தத் தொகையையும் சேர்த்து வாங்கிவிடலாம், நகை மாதிரி அதுவும் ஒரு சொத்துதானே என்கிறேன் நான். "முதலில் ஒரு நிரந்தர வேலை கிடைக்கட்டும்" என்கிறார் கணவர். என்ன செய்யலாம்?
– வாசகி, ஹாரோ

பதில்: சொத்து என்ற நினைப்பை முதலில் விட்டுவிடுங்கள். நல்ல வயலின் பழசாகப் பழசாக விலை ஏறும் என்று கேள்விப்பட்டிருப்பீர்கள். ஹார்ப் அந்த ரகம் இல்லை. அதில் 47 தந்திகள். எல்லாம் சேர்ந்து இழுக்கும் இழுப்பு கிட்டத்தட்ட ஒரு டன். அத்தனையையும் தாங்குவது மெல்லிய ஸ்ப்ரூஸ் மரப்பலகை ஒன்று. வருடங்கள் போகப்போக அந்தப் பலகை மேலெழும்பும், தந்திகளை மேலே பிடித்திருக்கும் கழுத்து முறுகும், ஒரு நாள் விரிசலும் விடலாம். பலகையை மாற்றிப் புதுப்பிக்க ஆயிரக்கணக்கில் செலவாகும். ஆக இது தேய்கிற தொழில் கருவி. நகைப்பெட்டியில் வைத்துப் பார்க்கக் கூடாது.

தேய்கிற பொருளுக்கு 20 வருடக் கடன் எதற்கு? வட்டி 4.5 சதவீதம் என்று வைத்துக்கொண்டால் மாதம் சுமார் 165 பவுண். முடிவில் நீங்கள் கட்டியிருப்பது ஏறக்குறைய 39,500. மகளுக்கு அப்போது 43 வயது. கடைசித் தவணை கட்டும் நேரத்தில் அந்த ஹார்ப் பெரிய பழுதுக்கு வந்து நிற்கலாம். போதாக்குறைக்கு, ஈடாக நிற்பது உங்கள் வீடு.

கணவரின் எச்சரிக்கை நல்லதுதான். ஆனால் அவர் எதிர்பார்க்கும் மாதிரியான வேலை இந்தத் துறையில் அபூர்வம். ஒரு சிம்பொனி ஆர்க்கெஸ்ட்ராவில் வயலின்காரர்கள் முப்பது பேர் வரை இருப்பார்கள்; ஹார்ப்புக்குப் பெரும்பாலும் ஒரே ஒரு நாற்காலி. லண்டன் சிம்பொனி, லண்டன் ஃபில்ஹார்மோனிக், ஃபில்ஹார்மோனியா போன்ற பெரிய குழுக்களில் இடம் பிடித்தவர்கள்கூட சுயதொழில் செய்பவர்கள்தான். மாதச் சம்பளம் வாங்கும் இடம் வேண்டுமானால் பிபிசி ஆர்க்கெஸ்ட்ராக்கள், மான்செஸ்டரின் ஹாலே என்று தேட வேண்டும், அதுவும் அங்கே இருப்பவர் ஓய்வு பெற்றால்! அதனால் வேலைக்குக் காத்திருக்காமல், மகள் ஒரு சிறு தொழில் தொடங்குகிறாள் என்று எடுத்துக்கொண்டு கணக்குப் போடுங்கள்.

அந்தத் தொழிலின் வரவு எப்படி இருக்கும்? கல்யாணம், ஹோட்டல் விருந்து, பள்ளி வகுப்பு, ஆர்க்கெஸ்ட்ராவுக்குக் கூடுதல் ஆளாகப் போவது, எல்லாம் கலந்துதான். டிசம்பரில் மூச்சு விட நேரம் இருக்காது: 'நட்கிராக்கர்' பாலேக்கு இரண்டு ஹார்ப் வேண்டும், இசையமைப்பாளர் பெஞ்சமின் பிரிட்டனின் கிறிஸ்துமஸ் பாடல்தொகுப்பான 'எ செரிமனி ஆஃப் கேரல்ஸ்' ஹார்ப் துணையோடு பாடுவது. ஜனவரி பிறந்தால் டைரி காலி. மூன்று மாதச் செலவுக்கான காசு வங்கியில் இல்லாமல் இதில் இறங்கக் கூடாது.

ஒரு கல்யாணத்துக்கு 350 பவுண் பேசுகிறாள் என்று வைத்துக்கொள்வோம். ஆளுயரத்துக்கு மேல் நிற்கும், 40 கிலோ அளவு கனக்கும் பொருளை உறை போட்டு, தள்ளுவண்டியில் கட்டி, பின்னிருக்கை மடித்த எஸ்டேட் காரில் சாய்த்து ஏற்ற வேண்டும். 60 மைல் ஓட்டிப் போய், மண்டபச் சூட்டுக்கு ஹார்ப் பழகக் காத்திருந்து, சுருதி சேர்த்து, இரண்டு மணி நேரம் வாசித்துவிட்டுத் திரும்பினால் ஒரு நாள் போய்விடும். பெட்ரோல், தந்தி, வருடாந்தரப் பராமரிப்பு, இன்சூரன்ஸ் எல்லாம் கழித்துவிட்டுத்தான் அது சம்பாத்தியம். ஆர்க்கெஸ்ட்ரா வேலை என்றால் போர்ட்டரேஜ் என்று சுமைக்கூலி தனியாக உண்டு. கூச்சப்படாமல் கேட்டு வாங்கச் சொல்லுங்கள்.

நான் சொல்லும் வழி இது. முதல் ஒன்றிரண்டு வருடம் வாடகை ஹார்ப். வாடகை முழுவதும் தொழில் செலவாகக் கழியும். பிறகு, நல்ல டெக்னீஷியன் பலகையையும் கழுத்தையும் பார்த்துச் சொன்ன, புதுப்பித்த பழைய ஹார்ப் ஒன்று. தங்க முலாம் பூசியது மேடையில் அழகுதான், முதல் ஹார்ப்புக்கு அது தேவையில்லை.

வாங்கும்போது, ஹார்ப்பை நீங்கள் வாங்கிப் பரிசாகக் கொடுக்காதீர்கள். பணத்தைக் கொடுங்கள், பில் மகள் பெயரில் இருக்கட்டும். அப்போதுதான் முழு விலையையும் அந்த வருடமே தொழில் செலவில் காட்ட முடியும். பரிசாக வந்த கருவிக்கு வருடாவருடம் ஒரு சிறு பங்குதான் கழியும். 12,570 பவுண் வரை வருமான வரியே இல்லை என்பதால், வருமானம் குறைந்த முதல் வருடத்தில் அவசரப்பட்டு வாங்கினால் அந்தச் சலுகையின் பலன் அப்போதைக்குக் கைக்கு வராது. நஷ்டத்தை அடுத்த வருடங்களுக்குக் கொண்டுபோக வேண்டியிருக்கும். வாடகையில் தொடங்கச் சொல்வதற்கு அதுவும் ஒரு காரணம்.

சுயதொழிலாக எச்.எம்.ஆர்.சி.யில் (பிரிட்டிஷ் வரித்துறை) பதிவு செய்ய, வரி வருடம் முடிந்து வரும் அக்டோபர் 5 கடைசி நாள். வரிக்கு எட்டும் வருமானத்தில் 20 சதவீத வரியும் 6 சதவீத நேஷனல் இன்சூரன்ஸும் (அரசுக்குக் கட்டும் சமூகப் பாதுகாப்புப் பங்கு) போகும். மாணவர் கடன் தனி. பலர் மாட்டிக்கொள்வது வரி கட்டக் கடைசி நாளான ஜனவரி 31-இல். வரி பில் 1,000 பவுணைத் தாண்டினால், பெரும்பாலும் அடுத்த வருடத்துக்கான முன்பணமாக அதில் பாதியையும் சேர்த்துக் கேட்பார்கள். வரும் ஒவ்வொரு தொகையிலும் கால் பங்கைத் தனிக் கணக்கில் ஒதுக்கிவிடட்டும். பென்ஷனுக்கு முதலாளி யாரும் போடப்போவதில்லை, மாதம் 80 பவுண் போட்டால் அரசு அதை 100 ஆக்கும், அதிலிருந்து தொடங்கலாம்.

வீட்டு இன்சூரன்ஸை நம்பி ஹார்ப்பைத் தூக்கிக்கொண்டு கிளம்ப வேண்டாம். காசுக்கு வாசிக்கும் கருவியை அது பெரும்பாலும் ஏற்காது. இசைக்கருவிக்கென்றே தனி பாலிசி எடுங்கள். இரவில் காரில் விட்டது திருடு போனால் பணம் தருவார்களா என்பதைக் கையெழுத்துப் போடுமுன் எழுத்தில் கேட்டு வாங்குங்கள்.