கேண்டி கிரஷ் இருக்க பிளேஸ்டேஷன் எதற்கு?

கேள்வி: காலேஜ் இரண்டாம் ஆண்டு படிக்கும் மகன், டிவியில் சொருகி ஆடுகிற சோனி கேம் பெட்டியான பிளேஸ்டேஷன் 5 கேட்கிறான். "போன்ல ஓசியிலயே ஆயிரம் கேம் இருக்கு, இன்னும் ரெண்டு வருஷத்துல இந்தப் பெட்டியெல்லாம் பழைய வீடியோ டெக் மாதிரி பரண்ல கிடக்கும்" என்கிறார் மச்சான். அரை லட்சத்தைப் போடலாமா?
– ஓர் அப்பா, தண்டையார்பேட்டை

பதில்: மச்சான் சொல்வதில் பாதி சரி. விம்கோ நகரில் மெட்ரோ ஏறிப் பாருங்கள். எதிர் சீட்டில் ஒருவர் போனில் கேண்டி கிரஷ் மிட்டாய் உடைத்துக்கொண்டிருப்பார், பக்கத்தில் இருப்பவர் லூடோ உருட்டிக்கொண்டிருப்பார். ஆனால் இவர்கள் போன் இல்லாவிட்டாலும் பிளேஸ்டேஷன் வாங்கியிருக்கப் போவதில்லை. பேப்பரில் குறுக்கெழுத்து போட்டிருப்பார்கள், அல்லது தூங்கியிருப்பார்கள்.

நம்ம ஏரியா கணக்கிலேயே சொல்கிறேன். தெருமுனையில் பல்பு கட்டி, பவுடர் தூவி ஆடுகிற கேரம் வெறும் டைம்பாஸ்தான். அதனால் கேரம் கிளப்புகளுக்கு ஆள் குறைந்து நான் பார்த்ததில்லை. புதுவண்ணாரப்பேட்டை காசிமா 2024இல் அமெரிக்கா போய் உலகப் போட்டியில் மூன்று தங்கம் வாங்கி வந்தாரே, அவர் வளர்ந்ததும் அப்படி வீட்டுக்கு வீடு போர்டு கிடக்கிற ஊரில்தான்.

பெட்டிக் கம்பெனிகளின் கதையும் இதையே சொல்கிறது. 2006இல் நின்டெண்டோ 'வீ' என்று ஒன்றை இறக்கியது. ரிமோட்டைப் பிடித்துக் கையை வீசினால் டிவியில் பந்து உருளும். கேம் பக்கமே வராத தாத்தா பாட்டிகள்கூட ஆடினார்கள். 10 கோடிக்கு மேல் விற்றது. அதே ஆட்களை நம்பி 2012இல் 'வீ யூ' வந்தது. அதற்குள் அவர்கள் கைக்குப் போன் வந்துவிட்டது. விற்றது சுமார் 1 கோடியே 35 லட்சம்தான். ஆனால் போனில் கேண்டி கிரஷ் வந்த மறு வருஷம், 2013இல், வெளியான பிளேஸ்டேஷன் 4 மட்டும் 11 கோடிக்கு மேல் போனது. போன் உண்மையிலேயே காலி செய்தது, சோனி பாக்கெட்டில் போடுகிற மாதிரி செய்த 'வீட்டா'வைத்தான். பாக்கெட்டில் ஏற்கெனவே ஒன்று இருக்கும்போது இன்னொன்றை யார் சுமப்பார்கள்?

அதனால் பெட்டி பரணுக்குப் போகும் என்ற பயம் வேண்டாம். எனக்கு எரிச்சல் வேறு இடத்தில். கேண்டி கிரஷில் ஐந்து உயிர் தருவார்கள். தீர்ந்தால் ஒன்று திரும்ப அரை மணி நேரம் காத்திருக்க வேண்டும், இல்லையென்றால் காசு. பெரும்பாலானவர்கள் பைசா கொடுப்பதில்லை. கொடுக்கிற கொஞ்சம் பேரிடம் கறந்துவிடுகிறார்கள். சரி, ஓசி விளையாட்டு, போகட்டும் என்று விடலாம். இதே வித்தை இப்போது நாலாயிரம், ஐந்தாயிரம் கொடுத்து வாங்குகிற கேமுக்குள்ளும் புகுந்துவிட்டது. ஃபிஃபா கால்பந்து கேமில் (2023 முதல் அதன் பெயர் ஈஏ எஃப்சி) எந்த ஆட்டக்காரர் வருவார் என்றே தெரியாமல் பாக்கெட் பிரிக்க வேண்டும், காசு கட்டி. நாம் சின்ன வயசில் பெட்டிக்கடையில் கிழித்த பரிசுச் சீட்டுதான் அது. பெல்ஜியம் 2018இல் இதைச் சூதாட்டம் என்றே சொல்லிவிட்டது. அடுத்த வருஷமே அந்த நாட்டில் அந்த விற்பனை நின்றது.

ஆகவே முதலில் மகன் என்ன ஆடுகிறான் என்று கேளுங்கள். பிஜிஎம்ஐ மாதிரி போன் கேம் என்றால் பெட்டி எதற்கு, நல்ல போனே போதும். கேம் சென்டரில் மணிக்கணக்குக்குக் காசு கட்டிக் கால்பந்தும் கதை கேமும் ஆடுகிறவன் என்றால் வாங்கிக் கொடுக்கலாம். ஆனால் டிஸ்க் போடுகிற மாடலாக இருக்கட்டும். 2021இல் இங்கே வந்தபோது டிஸ்க் மாடல் 49,990, கேமை நெட்டில் மட்டுமே இறக்குகிற டிஜிட்டல் மாடல் 39,990. பத்தாயிரம் மிச்சம் என்று டிஜிட்டலுக்குப் போனவர்களால் பழைய டிஸ்க் வாங்கவும் முடியாது, ஆடி முடித்ததை விற்கவும் முடியாது. டிஸ்க் கைமாறும்போது ஒரு கேமின் செலவு பாதியாகக் குறையும். நாங்கள் கேசட்டை வாயால் ஊதி ஊதிப் போட்டு ஆடிய காலத்திலும் ராயபுரத்தில் ஒரே கேசட் ஐந்து வீடு சுற்றும்.

இன்னொன்று: ஆன்லைனில் நண்பர்களோடு ஆட மாதச் சந்தா கேட்பார்கள். ஃபோர்ட்நைட் போன்ற இலவச கேம்களுக்கு அது தேவையில்லை. அவன் ஆடுவது அவை மட்டும் என்றால் சந்தாவைத் தொடாதீர்கள்.

கேள்வி: எட்டு வயது பையன் என் போனில் ஏதோ கேமில் 'டைமண்ட்' வாங்கி 3,800 ரூபாய் போய்விட்டது. திரும்ப வருமா?
– பெரம்பூர் வாசகி

பதில்: நேரம்தான் முக்கியம். கூகுள் பிளே வழியாகப் போன பணம் என்றால் 48 மணி நேரத்துக்குள் அவர்களிடமே ரீஃபண்ட் கேளுங்கள்; சிறுவன் தெரியாமல் வாங்கியது என்று எழுதுங்கள். அதைத் தாண்டினால் கேம் கம்பெனியிடம் போகச் சொல்வார்கள், அது இழுக்கும். இழுத்தால் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915. மைனர் செய்த ஒப்பந்தம் செல்லாது என்று 1872ஆம் வருஷத்து ஒப்பந்தச் சட்டப்படி வாதிடலாம். ஆனால் கணக்கு உங்கள் பெயரில் இருப்பதால் கை விரிக்கவும் கூடும். 2025இல் வந்த மத்திய ஆன்லைன் கேம் சட்டத்தை நம்ப வேண்டாம். அதன் தடை பணம் வைத்து ஆடுகிற ரம்மி வகைகளுக்குத்தான்.

இன்றைக்கே பிளே ஸ்டோர் செட்டிங்கில் ஒவ்வொரு வாங்கலுக்கும் பாஸ்வேர்ட் கேட்கும்படி வையுங்கள். பையனை அடிக்காதீர்கள். பப்ஜியில் 'ஸ்கின்' என்கிற கேம் சட்டைகளை வாங்கிக் குவித்து, 2020 செப்டம்பரில் தடை வந்ததும் திருதிருவென்று விழித்தவர்களில் வளர்ந்த ஆட்களும் உண்டு.

கேள்வி: பிளேஸ்டேஷனைப் பில் இல்லாமல் எட்டாயிரம் குறைத்துத் தருகிறேன் என்கிறார் ஒரு கடைக்காரர். வாங்கலாமா?
– எண்ணூர் வாசகர்

பதில்: வேண்டாம். நானும் ஒரு கடையில் அப்படி வாங்கினேன். நாலாம் மாதம் டிவி ஒயர் சொருகுகிற இடம் ஆட்டம் கண்டது. கடைக்குப் போனால் "அப்படி ஒண்ணும் நாங்க விக்கலையே சார்" என்றார்கள். இந்திய வாரண்டி வேண்டுமென்றால் ஜிஎஸ்டி பில் வாங்குங்கள், பில்லில் பெட்டியின் சீரியல் எண் இருக்கிறதா என்று கடையிலேயே பாருங்கள். உங்கள் பக்கம் உப்புக்காற்று வேறு. ஷோகேஸுக்குள் பூட்டி வைக்காமல், ஜன்னலையும் ஒட்டாமல் வையுங்கள். வாரம் ஒரு தடவை பின்பக்கத் தூசியைப் பழைய பெயின்ட் பிரஷ்ஷால் தட்டிவிடுங்கள்.