லாமிங்டன் நீலக் கிரேஃபிஷின் மேல் இருந்தவை சிலந்திப்பேன்கள் அல்ல

வணக்கம். ஆஸ்திரேலியாவின் குயின்ஸ்லாந்திலுள்ள லாமிங்டன் தேசியப் பூங்காவில் பார்த்த நீலநிறக் கிரேஃபிஷின் (இறால், நண்டு வகையைச் சேர்ந்த நன்னீர் உயிரின்) இடுக்கிகளில் வெள்ளைப் புள்ளிகள் நெளிந்தன, அவை இரத்தம் குடிக்கும் நீர்ச் சிலந்திப்பேன்களா (சிலந்திகளுக்கு உறவான மிகச் சிறிய உயிர்களா) என்று கவலையோடு கேட்டிருந்தீர்கள். நீங்கள் தந்த விவரத்தை வைத்துப் பார்த்தால் அவை டெம்னோசெபாலா என்னும் தட்டைப்புழுக்கள் என்றே கருதுகிறேன். சில மில்லிமீட்டர் நீளமே உள்ள அப்புழு, பின்முனையிலுள்ள ஒட்டுறுப்பால் கிரேஃபிஷின் மேலோட்டைப் பற்றிக்கொண்டு, முன்முனையின் விரல் போன்ற நீட்சிகளை நீரில் துழாவி, கிட்டும் நுண்ணுயிர்களை உண்கிறது; கிரேஃபிஷ் அதற்குப் பெரும்பாலும் ஊர்தி மட்டுமே.

ஆனால் உங்கள் ஐயம் ஆதாரமற்றதன்று. 1931இல் ஜெர்மானிய ஆய்வாளர் கார்ல் ஃபீட்ஸ், ஆஸ்திரேலியக் கிரேஃபிஷின் செவுளறையில் வாழும் ஆஸ்டகாப்ஸிஃபேகஸ் என்ற சிலந்திப்பேனை விவரித்தார். கடலிலேயே மிகுதியாக வாழும் ஹாலகாரிட் குடும்பத்தைச் சேர்ந்த ஓர் உயிர், மலையோடையில் ஒரு கிரேஃபிஷின் செவுளுக்குள் குடியேறியிருப்பது எனக்கு இன்றும் பெருவியப்பு. நீந்தத் தெரியாத அதன் வளர்ந்த நிலைக்கு எட்டுக் கால்கள் உண்டு. கிரேஃபிஷின் ஓட்டுக்குள் மறைந்திருப்பதால் வெளியிலிருந்து கண்ணுக்குப் படாது.

ஆகவே, அடுத்த முறை உருப்பெருக்கியில் அந்த வெள்ளைப் புள்ளிகளுக்குக் கால்கள் உள்ளனவா என்று மட்டும் பாருங்கள்; தட்டைப்புழுவுக்குக் கால்கள் இல்லை. பூங்காவில் அந்தக் கிரேஃபிஷ் பாதுகாக்கப்பட்டது. அதைப் பிடிக்கவோ புழுக்களைச் சுரண்டவோ வேண்டாம், அருகிலிருந்து படம் எடுத்தாலே போதும்.