அளவில்லாமல் பறக்க பாஸ் விற்றால் விமான நிறுவனத்துக்குக் கட்டுப்படியாகுமா?

ஒரு தொகையை முன்கூட்டியே வாங்கிக்கொண்டு, வருடம் முழுக்க எத்தனை முறை வேண்டுமானாலும் பறந்துகொள்ளுங்கள் என்று பாஸ் கொடுத்தால் விமான நிறுவனத்துக்கு லாபம் வருமா என்று கேட்டிருக்கிறீர்கள். சென்னை மாநகரப் பேருந்தில் ஆயிரம் ரூபாய்க்கு மாதம் முழுக்க விருப்பம்போல் பயணம் செய்யும்போது விமானத்தில் மட்டும் ஏன் கூடாது என்பது கூடவே வந்த கேள்வி.

லாபம் வரும். ஆனால் உங்களுடைய அவசியப் பயணங்களுக்கு அந்த பாஸ் உதவாமல் இருந்தால்தான் வரும். மீனம்பாக்கத்தில் செக்-இன் கவுண்டரிலும் அப்புறம் ரிசர்வேஷனிலுமாகப் பதினொரு வருடம் வேலை பார்த்தவன் என்ற முறையில் இதைச் சொல்கிறேன்.

முதலில் பேருந்து. தாம்பரம் போகும் பஸ்ஸில் உட்கார இடமில்லை என்றால் நின்றுகொண்டு போவோம். பாஸ் வைத்திருப்பவர் இன்னும் பத்துப் பேர் ஏறினாலும் நடத்துனர் யாரையும் இறக்கிவிடப் போவதில்லை. மின்சார ரயில் சீசன் டிக்கெட்டும் அப்படித்தான். 180 சீட் உள்ள விமானத்தில் 181-வது ஆள் நிற்க முடியாது. பாஸ்காரர் உட்கார்ந்தால், காசு கொடுத்து வர இருந்த ஒருவருக்கு இடம் இல்லாமல் போகலாம். இந்த ஒரு வித்தியாசத்தில்தான் எல்லாக் கணக்கும் நிற்கிறது.

இன்னொரு பக்கம், காலியாகப் போகும் சீட்டுக்கு மதிப்பே கிடையாது. கோயம்பேட்டில் விற்காமல் வாடிய மல்லியையாவது கடைசி நேரத்தில் கிடைத்த விலைக்குத் தள்ளலாம். விமானக் கதவை மூடிய பிறகு காலி சீட்டை எதுவும் செய்ய முடியாது. அதில் ஒருவரைக் கூடுதலாக ஏற்றிப்போக ஆகும் செலவும் சொற்பம். ஆள், பெட்டி எல்லாம் சேர்த்து 100 கிலோ என்று வைத்தால், ஒரு மணி நேரப் பறப்பில் அந்த எடையைச் சுமக்கக் கூடுதலாகச் செலவாகும் எரிபொருள் மூன்று நான்கு கிலோதான். தண்ணீர், போர்டிங் பாஸ், சாமான் தூக்கும் வேலை எல்லாம் சேர்த்தாலும் சில நூறு ரூபாய்க்குள் முடிந்துவிடும். பைலட்டுக்கும் விமான வாடகைக்கும் நீங்கள் ஏறினாலும் ஏறாவிட்டாலும் அதே செலவு. பாஸ் யோசனை பிறப்பதே இங்கேதான்.

இதற்கு நான் கண்ணால் பார்த்த உதாரணம் ஊழியர்களின் சப்லோ டிக்கெட். காசு கொடுத்த பயணிகள் எல்லாரும் ஏறிய பிறகு இடம் மிச்சமிருந்தால் மட்டும் போகலாம் என்ற நிபந்தனையோடு, ஊழியர் குடும்பத்துக்குக் கொஞ்சக் கட்டணத்தில் கிடைக்கும் டிக்கெட் அது. ஒருநாள் கூட வேலை பார்த்த பெண்ணின் அப்பா மதுரை போக வந்திருந்தார். மறுநாள் காலை பேத்திக்குக் காதுகுத்து. மத்தியான விமானத்தில் இடமில்லை. சாயங்கால விமானத்தில் கவுண்டர் மூட ஐந்து நிமிடம் இருக்கும் வரை இரண்டு சீட் காலியாக இருந்தது. நான் அவரைப் பார்த்துத் தலையசைத்தேன். அவரும் காலடியில் வைத்திருந்த மஞ்சப்பையை எடுத்துக்கொண்டு எழுந்துவிட்டார். அந்த நேரம் பார்த்து இரண்டு பேர் மூச்சிரைக்க ஓடிவந்து டிக்கெட்டை நீட்டினார்கள். முழுக் கட்டண டிக்கெட். இரண்டு சீட்டும் போய்விட்டது.

எனக்கு அவர் முகத்தைப் பார்க்கவே முடியவில்லை. “பரவால்லப்பா, நீ என்ன பண்ணுவ” என்று சொல்லிவிட்டுப் பையைத் திறந்து, பேத்திக்கு வாங்கிய கம்மல் டப்பா பத்திரமாக இருக்கிறதா என்று ஒருதரம் தொட்டுப் பார்த்துக்கொண்டார். வெளியே போய், சுரங்கப்பாதை வழியாக ஜிஎஸ்டி ரோட்டைத் தாண்டி, திரிசூலத்தில் செங்கல்பட்டு வண்டியைப் பிடித்து, பெருங்களத்தூரில் இறங்கி மதுரை பஸ் ஏறினார். விடிவதற்குள் போய்ச் சேர்ந்துவிட்டார் என்று மறுநாள் மகள் சொன்னார்.

ஊழியர்கள் வருடம் முழுக்க இப்படிப் பறக்கலாம், நிறுவனத்துக்குக் கிட்டத்தட்ட எதுவும் குறையாது. காரணம், அது கொடுப்பது சீட்டை அல்ல, மிச்சத்தை. இந்த எல்லையைத் தாண்டி உறுதியான சீட்டையே அளவில்லாமல் விற்றவர்களுக்கு என்ன ஆனது என்பதற்கு அமெரிக்கன் ஏர்லைன்ஸ் கதை இருக்கிறது.

1981-ல் அந்த நிறுவனம் ‘ஏஏர்பாஸ்’ என்று ஒன்றை விற்க ஆரம்பித்தது. 250,000 டாலர் கட்டினால் ஆயுள் முழுக்க முதல் வகுப்பில் எங்கே வேண்டுமானாலும் பறக்கலாம். இப்போது கேட்டால் பைத்தியக்காரத்தனம் போல இருக்கும். அன்றைக்கு அமெரிக்காவில் வங்கி வட்டி 15 சதவீதத்துக்கு மேல் ஓடியது. நிறுவனத்துக்குக் கையில் காசு தேவைப்பட்டது. அந்தத் தொகைக்குக் கடன் வாங்கியிருந்தால் வருடத்துக்கு 37,500 டாலருக்கு மேல் வட்டியே கட்டியிருக்க வேண்டும். அந்தக் கோணத்தில் பார்த்தால் பாஸ் என்பது சீட்டால் வட்டி கட்டும் கடன். பெரிய கம்பெனிகள் தங்கள் உயர் அதிகாரிகளுக்கு வாங்கித் தரும் என்று எதிர்பார்த்தார்கள்.

வாங்கியது வேறு ஆட்கள். சிகாகோவைச் சேர்ந்த ஸ்டீவ் ரோத்ஸ்டீன் 1987-ல் வாங்கினார், கூடுதலாகப் பணம் கட்டித் துணைக்கு ஒருவரை அழைத்துப்போகும் உரிமையையும் வாங்கிக்கொண்டார். 10,000 தடவைக்கு மேல் பறந்தார். அவரால் ஏற்பட்ட இழப்பு 2 கோடியே 10 லட்சம் டாலர் என்று நிறுவனம் கணக்குப் போட்டு, 2008-ல் பாஸை ரத்து செய்தது. வழக்கு வரை போனது. வாடிக்கையாளர்கள் நம்மைவிடப் புத்திசாலிகளாக இருந்துவிட்டார்கள் என்று அந்நிறுவனத்தின் தலைவராக இருந்த ராபர்ட் கிராண்டலே பின்னாளில் ஒப்புக்கொண்டார். இதற்கு நடுவில் பாஸின் விலையை ஏற்றிக்கொண்டே போய் 1994-ல் விற்பனையை நிறுத்தினார்கள். 2004-ல் 30 லட்சம் டாலருக்கு மறுபடி வைத்துப் பார்த்தார்கள், ஒருவரும் வாங்கவில்லை.

ஆனால் அந்த 2.1 கோடி டாலரை நான் அப்படியே எடுத்துக்கொள்ள மாட்டேன். அது டிக்கெட் விலையில் போட்ட கணக்கு. அவர் உட்கார்ந்த சீட்டில் காசு கொடுத்து வேறு யாரும் வர இருக்கவில்லை என்றால் நிறுவனத்துக்கு உண்மையில் போனது எரிபொருளும் சாப்பாடும்தான். நிஜமான அடி வேறு இடத்தில் விழுந்தது. நான்கு வருடத்துக்குள் அவர் செய்த 3,000-க்கும் மேற்பட்ட புக்கிங்கில் 2,500-க்கு மேல் ரத்தானவை. ரிசர்வேஷனில் உட்கார்ந்தவர்களுக்கு இது புரியும். வராத ஆளுக்காகப் பிடித்து வைத்த சீட்டுதான் ஒரு விமானத்தில் அதிகச் செலவு வைக்கும் சீட்டு. ஏறியவரால் சில நூறு ரூபாய் நஷ்டம் என்றால், பிடித்துவைத்துவிட்டு வராதவரால் ஒரு முழு டிக்கெட் நஷ்டம்.

சரி, ரோத்ஸ்டீன் மாதிரி ஆட்களைக் கட்டுப்படுத்திவிட்டால் லாபம் வந்துவிடுமா? பெரும்பாலோர் இங்கேதான் கணக்கைத் தவறவிடுகிறார்கள் என்பது என் எண்ணம். நானே கற்பனையாக ஒரு பாஸ் போட்டுப் பார்க்கிறேன். தென்னிந்தியாவுக்குள் ஒரு வருடம், 20,000 ரூபாய், 2,000 பேர் வாங்குகிறார்கள். கையில் 4 கோடி. ஒரு ஆளை ஏற்றிப்போகும் கூடுதல் செலவு 600 ரூபாய் என்று தாராளமாகவே வைப்போம். இதில் 200 பேர் விடாமல் ஆளுக்கு 100 தடவை பறக்கிறார்கள்: 1.2 கோடி செலவு. மற்ற 1,800 பேர் ஆளுக்கு 8 தடவை: ஏறக்குறைய 86 லட்சம். இரண்டும் சேர்த்து 2 கோடியைக் கொஞ்சம் தாண்டுகிறது. கிட்டத்தட்ட 1.9 கோடி மிச்சம். வெறியோடு பறந்தவர்களால்கூடக் கம்பெனி கவிழவில்லை.

இப்போது அந்த 1,800 சாதாரண ஆட்களைப் பாருங்கள். பாஸ் இல்லாவிட்டாலும் தீபாவளிக்கு, கல்யாணத்துக்கு, ஆபீஸ் வேலைக்கு என்று வருடத்துக்கு நான்கு டிக்கெட் 4,000 ரூபாய் வீதம் வாங்கியிருப்பார்கள். அது 2.88 கோடி. அந்த வருமானம் நின்றுபோகும். 1.9 கோடி லாபம் என்று நினைத்தது ஏறக்குறைய 94 லட்சம் நஷ்டமாகிவிட்டது. நூறு தடவை பறந்தவர் அல்ல, எட்டே தடவை பறந்த நல்ல மனிதர்தான் கவிழ்த்தார். அந்த நான்கு டிக்கெட்டில் ஒன்று மட்டும் பாஸுக்கு மாறி, மூன்றைப் பழையபடி காசு கொடுத்தே வாங்கினால், இழப்பு 72 லட்சமாகச் சுருங்கி 1.2 கோடி லாபம் நிற்கும்.

அப்படியென்றால் பாஸை எப்படிச் செய்ய வேண்டும்? கல்யாணத்துக்கும் தீபாவளிக்கும் அது உதவக் கூடாது. சும்மா கிளம்பிப் போகிற பயணத்துக்கு மட்டும் உதவ வேண்டும். பின்னால் வந்த சில பாஸ்கள் இதைத்தான் செய்தன. 2009-ல் அமெரிக்காவின் ஜெட்புளூ நிறுவனம் 599 டாலருக்கு ஒரு மாத பாஸ் விற்றது. அந்த மாதம் செப்டம்பர் 8 முதல் அக்டோபர் 8 வரை, கோடை விடுமுறை முடிந்து அமெரிக்காவில் கூட்டம் குறையும் நாட்கள். குறித்த தேதிக்கு முன்பே விற்றுத் தீர்ந்தது. அடுத்த வருடம் 699 டாலர் ஆக்கினார்கள். வெள்ளி, ஞாயிறு பறக்க முடியாத 499 டாலர் பாஸும் ஒன்று வந்தது. அந்த 200 டாலர் வித்தியாசமே வெள்ளி, ஞாயிறு சீட்டின் மதிப்பைச் சொல்லிவிடுகிறது. இன்னொரு அமெரிக்க நிறுவனமான ஃபிரான்டியர் கொண்டுவந்த பாஸில் ஆரம்பத்தில் உள்நாட்டுப் பயணத்தை முந்தைய நாள்தான் உறுதி செய்ய முடிந்தது, பண்டிகை நாட்களில் பறக்க முடியாது என்றும் இருந்தது. 2024-ல் ஐரோப்பாவின் விஸ் ஏர் வருடத்துக்கு 499 யூரோ என்று ஆரம்பித்த பாஸில், மூன்று நாளுக்குள் இருக்கும் விமானத்தைத்தான் புக் செய்யலாம், ஒவ்வொரு தடவையும் 9.99 யூரோ தனி. அந்த 9.99-ஐ நான் மிகவும் மதிக்கிறேன். சும்மா பிடித்து வைக்கிற கையை அது கொஞ்சம் யோசிக்க வைக்கும். ஒவ்வொரு பயணத்தின் செலவும் அதில் ஓரளவு வந்துவிடும்.

இவை எல்லாமே சப்லோ டிக்கெட்டுக்கு நெருங்கின சொந்தம். போகும் விமானம் கிடைக்கலாம், திரும்பும் விமானம் கிடைக்கும் என்பதற்கு உத்தரவாதம் இல்லை. ஓய்வு பெற்றவர்கள், லீவில் இருக்கும் மாணவர்கள், எங்கிருந்தும் வேலை செய்ய முடிகிறவர்கள் இதை ரசித்து அனுபவிப்பார்கள். அவர்களுக்காக இப்படி ஒன்று இங்கே வந்தால் நான் சந்தோஷப்படுவேன்.

நம் ஊரில் வருமா? உடனே வராது என்று நினைக்கிறேன். உள்நாட்டு விமானங்கள் சாதாரணமாகவே நூற்றுக்கு எண்பதுக்கு மேல் நிரம்பிப் போகின்றன, மிச்சமே குறைவு. பயணிகளில் ஏறக்குறைய பத்தில் ஒன்பது பேரை இண்டிகோவும் ஏர் இந்தியா குழுமமும் ஏற்றிப்போகின்றன. வாடிக்கையாளரைக் கட்டிப்போட பாஸ் கொடுக்கும் நெருக்கடி அவர்களுக்கு இல்லை. சென்னையில் பாஸை முதலில் வாங்கக்கூடியவர்கள் வாரம் தவறாமல் கோவைக்கும் பெங்களூருக்கும் போய்வருகிறவர்கள்தான். அவர்களுக்கு வேண்டியது வெள்ளி சாயங்காலமும் திங்கள் காலையும். அந்த விமானங்களில் ஒரு சீட்டைக்கூட பாஸுக்கு ஒதுக்கும்படி நான் எந்த நிறுவனத்துக்கும் சொல்ல மாட்டேன். அவர்களுக்கு ‘வருடத்துக்கு இருபது பயணம், இன்ன விலை’ என்று எண்ணி விற்கும் கட்டு டிக்கெட்தான் இரு தரப்புக்கும் நியாயம்.

வாங்குகிறவர் பக்கம் ஒன்று சொல்லியாக வேண்டும். பாஸ் வாங்குவது அதை விற்கும் நிறுவனத்துக்கு அடமானம் எதுவும் வாங்காமல் கடன் கொடுப்பது மாதிரி. கிங்ஃபிஷர் 2012-ல் நின்றது, ஜெட் ஏர்வேஸ் 2019 ஏப்ரலில், கோ ஃபர்ஸ்ட் 2023 மே மாதத்தில். நின்ற நாளில் முன்பதிவு செய்தவர்கள் பணத்துக்கு அலைந்தார்கள். ஒரு டிக்கெட் காசு போனாலே அந்தப் பாடு என்றால், வருட பாஸ் வைத்திருப்பவர் நிலை என்ன? கையில் காசில்லாத நிறுவனம்தான் இப்படி முன்பணம் திரட்ட ஆசைப்படும் என்பதால், விலை எவ்வளவு கவர்ச்சியாக இருக்கிறதோ அவ்வளவு கவனமாக விசாரித்துவிட்டு வாங்குங்கள். மூன்று மாதத்துக்கு மேல் போகிற பாஸ் என்றால் நான் இரண்டு தடவை யோசிப்பேன்.

நான் வாங்குவேனா என்றும் கேட்டிருந்தீர்கள். என் அம்மா திருநெல்வேலியில் இருக்கிறார். தூத்துக்குடிக்கு விமானம் இருக்கிறது. செவ்வாய், புதன்களில் சும்மா போய் இரண்டு நாள் இருந்துவிட்டு வர பாஸ் நன்றாக உதவும். அதற்காகவே வாங்குவேன். ஆனால் போன ஆவணியில் அவருக்கு உடம்பு முடியவில்லை என்று ராத்திரி ஏழு மணிக்குப் போன் வந்தபோது, எழும்பூருக்கு ஓடி, கிடைத்த வண்டியில் அன்ரிசர்வ்டு பெட்டியில் ஏறி, திண்டுக்கல் வரை நின்றுகொண்டே போனேன்.