அம்மாவின் நாக்கில் வெள்ளை படிகிறது, விட்டமின் குளிசைக்கும் போகவில்லை. அவர் வெற்றிலை போடுபவர். பங்கசா?

பங்கசாக (பூஞ்சையாக) இருக்கலாம். ஆனால் மருந்தோடு மட்டும் நிறுத்தினால் திரும்ப வரும். எங்கள் அம்மம்மாவுக்கு அப்படித்தான் வந்தது.

அவர் ஆரையம்பதியில் இருக்கிறார். முட்டு வருத்தத்துக்கு (ஆஸ்துமா) காலையும் மாலையும் பம் (இன்ஹேலர்) இழுப்பவர், மேலே பல்செட். ஒருநாள் மீன்குழம்பைத் தள்ளி வைத்துவிட்டு, "உறைப்புத் தாங்க ஏலாம இரிக்கு மகன்" என்றார். உடம்புச் சூடு என்று இளநீர் கொடுத்தோம். நாங்களும் விட்டமின் பீ வாங்கினோம், ஒரு மாதம் வீண்.

பல் டொக்டர் டோர்ச் அடித்து, பஞ்சுத் துணியால் நாக்கை மெல்லத் துடைத்தார். தயிர் ஆடைபோலக் கழன்று வந்தது, அடியில் ஒரே சிவப்பு. பல்செட்டைக் கழற்றினால், அது உட்கார்ந்திருந்த அளவுக்கு மேலண்ணமும் சிவந்திருந்தது.

கண்டிடா என்ற இந்தப் பங்கசு நல்ல சுகமான ஆட்களின் வாயிலும் இருக்கிறது. அன்டிபயோட்டிக் எடுத்தால், பம்மிலுள்ள ஸ்டீரொயிட் வாயில் தங்கினால், இரத்தத்தில் சீனி கூடினால், வாய் வறண்டால் அதற்குக் கொண்டாட்டம்.

நிஸ்டற்றின் திரவம் தந்தார்கள். ஒரு மில்லிலீற்றர், நாளைக்கு 4 தரம், சாப்பிட்ட பிறகு, பல்செட்டைக் கழற்றிவிட்டு வாய்க்குள் நன்றாக அளைந்து வைத்திருக்க வேண்டும். நாலாம் நாள் வெள்ளை போனதும் அம்மம்மா போத்தலை மூடி வைத்துவிட்டார். வெள்ளை போன பிறகும் 2 நாளாவது தொடர வேண்டுமாம். அப்புறம் என்ன, திரும்ப முதலிலிருந்து. (மைக்கோனசோல் ஜெல்லும் இருக்கிறது. இரத்தம் உறையாமலிருக்க வார்பரின் குடிப்பவர்கள் அதைத் தொடக்கூடாது, இரத்தக்கசிவு வரும்.)

கடைசியில் நிரந்தரமாகப் போனது பழக்கத்தை மாற்றியபோதுதான். பம்மில் மாட்டும் ஸ்பேசர் குழாயை வைத்துப் பம் இழுத்து, உடனே வாய் கொப்பளித்துத் துப்புகிறார். இரவில் பல்செட்டைத் தேய்த்துக் கழுவித் தண்ணீரில் போடுகிறார். அதற்கு நடந்த சண்டையைத் தனியாக எழுதலாம், பல்லில்லாமல் தூங்குவது அவருக்கு அவ்வளவு வெட்கம்.

சரி, உங்கள் அம்மா வெற்றிலை போடுபவர் என்றும் எழுதியிருக்கிறீர்கள். எனக்கு யோசனை அதில்தான். துடைத்தும் வராத வெள்ளை என்றால், அல்லது வாய் முன்போல் அகலத் திறக்கவில்லை என்றால், அது வேறு கதை, புற்றுநோய்க்கு முந்திய நிலையாகவும் இருக்கலாம். பாமசியில் கேட்டு மருந்து வாங்காமல் இந்தக் கிழமையே பல் டொக்டரிடம் காட்டுங்கள். போகிற கையோடு சீனியும் பார்த்துவிடுங்கள்.