வரி, வாரிசு – ஒரு கடிதம்

அன்புள்ள ஐயா,

மென்பொருள் துறையில் இருக்கிறேன். பணக்காரர்களுக்கு வரியை உயர்த்தினால்தான் ஏற்றத்தாழ்வு குறையும் என்கிறார் என் அண்ணன். கஷ்டப்பட்டு மேலே வந்தவனைத் தண்டிக்கும் வேலை அது என்பது என் கட்சி. வரியை ஏற்றினால் அவர்கள் நாட்டை விட்டே போய்விடுவார்கள். போகாதவர்களிடம் வாங்குவதையும் அரசு வீணடிக்கும். யானை புகுந்த நிலம் போல ஆகிவிடும் என்று புறநானூறே சொல்கிறது அல்லவா? பேச்சு முற்றி, ஒரு மாதமாக நாங்கள் இருவரும் பேசிக்கொள்வதில்லை. யார் சொல்வது சரி?

க.

அன்புள்ள க.,

கொஞ்ச நாளாகவே இதைப் பற்றித்தான் அசைபோட்டுக்கொண்டிருந்தேன். உங்கள் கடிதம் வந்து கிளறிவிட்டது. அதனால் பதில் நீளும், நீங்கள் கேட்டதற்கு வெளியேயும் போகும்.

முதலில் யானையை அனுப்பிவிடுவோம். அந்தப் பாட்டு 2019 பட்ஜெட் உரை வரைக்கும் போய் வந்துவிட்டது, பாவம். அதைப் பாடிய பிசிராந்தையார் பாண்டியனிடம் சொன்னது விளைவிக்கிற குடியைக் கசக்காதே என்று. அரண்மனையை ஒட்டி மாளிகை கட்டியவருக்காக அவர் தூது போகவில்லை. அரசு வீணடிக்கும் என்கிறீர்கள். வீணடிக்கத்தான் செய்கிறது. அதற்காக உங்கள் சம்பளத்தில் டிடிஎஸ் என்று வரியை முன்கூட்டியே பிடிக்காமல் விட்டார்களா? நாட்டை விட்டுப் போகிறவர்கள் உண்டு, மறுக்கவில்லை. ஆனால் நிலத்தையும் ஆலையையும் வாடிக்கையாளரையும் பெட்டியில் கட்டிக்கொண்டு போக முடியாது.

எனக்குக் கோபம் வந்தது ‘கஷ்டப்பட்டு மேலே வந்தவன்’ என்ற இடத்தில். யாருக்காக வக்காலத்து வாங்குகிறீர்கள் என்று தெரிந்துதான் எழுதினீர்களா? சம்பளம் ஆண்டுக்கு 5 கோடி என்றால், புதிய வரிமுறையில் வரிக்கு மேல் போடும் சர்சார்ஜ், செஸ் எல்லாம் சேர்த்து உச்சப் படியில் 39 சதவீதம். அதே 5 கோடியை, நெடுநாள் வைத்திருந்த பங்குகளை விற்ற லாபமாக எடுத்தால் எல்லாம் சேர்த்தும் 15 சதவீதத்தைத் தாண்டாது. விற்காமல் வைத்திருந்தால் ஒன்றுமே இல்லை. அப்பா காலமாகி அந்தப் பங்குகள் மகன் பெயருக்கு மாறினால் அப்போதும் ஒன்றுமில்லை. ராத்திரி பதினொரு மணிக்கு வெளிநாட்டு கிளையன்ட்டோடு கால் பேசிச் சம்பாதிப்பவருக்கு மட்டும் மாதாமாதம் கை வைக்கிறார்கள். நீங்கள் கவலைப்படும் அந்தத் தண்டனையை அனுபவித்துக்கொண்டிருப்பவர் நீங்கள்தான் ஐயா.

எண்பதுகளின் தொடக்கத்தில் ஓர் ஆடிட்டரிடம் உதவியாளனாக இருந்தேன். அப்போது எஸ்டேட் டியூட்டி என்று ஒன்று இருந்தது. இறந்தவர் விட்டுப்போன சொத்துக்கான வரி. 1953-ல் வந்தது, உச்ச விகிதம் 85 சதவீதம் வரை போனது. அதில் ஒரு விதி: சாவுக்கு முந்தைய இரண்டு வருஷத்துக்குள் தானமாக எழுதிக் கொடுத்திருந்தால், அந்தச் சொத்தையும் இறந்தவர் கணக்கிலேயே சேர்த்துவிடுவார்கள்.

ஒருநாள் சாயங்காலம் அண்ணன் தம்பி இரண்டு பேர் வந்தார்கள். மொட்டைத் தலையில் அப்போதுதான் முடி அரும்பியிருந்தது. பெரியவர் ரெக்சின் பையிலிருந்து தானப் பத்திரத்தை எடுத்து மேஜைமேல் வைத்தார். ஆடிட்டர் அதன் தேதியைப் பார்த்தார். இறப்புச் சான்றிதழின் தேதியைப் பார்த்தார். விரல்விட்டு எண்ணினார். “இருபத்திரண்டு மாசம்தான் ஆகுது” என்றார். தேதியை ஏதாவது செய்ய முடியுமா என்று சின்னவர் கேட்டார். பதிவான பத்திரத்தில் என்ன செய்ய முடியும்? ஃபேன் சத்தம் மட்டும் கேட்டது. கடைசியில் பெரியவர் யார் முகத்தையும் பார்க்காமல், “இன்னும் ரெண்டு மாசம் இருந்துட்டுப் போயிருக்கலாம்” என்றார்.

எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. ஆடிட்டர் முறைத்தார்.

அந்தப் பிள்ளைகளைக் கெட்டவர்கள் என்று சொல்லமாட்டேன். அப்பாவுக்குச் சொட்டு மருந்து விட்டுக் கால் அமுக்கியவர்களாகத்தான் இருந்திருப்பார்கள். நான் சொல்ல வந்தது வேறு. அந்த அலுவலகத்தின் உண்மையான பெரும் கைகள் ஒருபோதும் இப்படிப் பையோடு வந்து உட்கார்ந்ததில்லை. டிரஸ்டுக்கும் பேரன் பேத்திகளுக்கும் கூட்டுக் குடும்பக் கணக்குக்கும் எல்லாவற்றையும் என்றைக்கோ பிரித்து எழுதி முடித்திருப்பார்கள். மாட்டியவர்கள் திடீரென்று நெஞ்சைப் பிடித்துக்கொண்டு போனவர்களின் பிள்ளைகள்.

1985-ல் நிதியமைச்சராக இருந்த வி.பி. சிங் அந்த வரியை எடுத்தார். வருவதே 20 கோடி ரூபாய்தான், வசூலிக்கும் செலவோ அதிகம் என்று பட்ஜெட் உரையில் காரணம் சொன்னார். வாரிசு வரியைப் பற்றி இன்றைக்கு யார் வாய் திறந்தாலும் அந்த 20 கோடியைத் தூக்கி முகத்தில் வீசுகிறார்கள். வலை முழுக்க ஓட்டை போட்டுவிட்டு ஆற்றில் மீனே இல்லை என்றால் எப்படி?

சொத்து வரியின் கதையும் இதுதான். வீட்டுக்கு மாநகராட்சி வாங்குவதைச் சொல்லவில்லை, வைத்திருக்கும் செல்வத்தின் மதிப்புக்கு வருஷா வருஷம் போட்ட ‘வெல்த் டாக்ஸ்’. கால்டர் என்ற பொருளியல் அறிஞரை வரவழைத்து யோசனை கேட்டு, டி.டி. கிருஷ்ணமாச்சாரி நிதியமைச்சராக இருந்த 1957-ல் கொண்டுவந்தார்கள். 1993-ல் அதிலிருந்து பங்குகளை விலக்கினார்கள். ஆயிரம் கோடிக்குப் பங்கு வைத்திருப்பவர் அதற்கு ஒரு பைசா கட்ட வேண்டாம், பீரோவில் இருக்கும் நகைக்கும் வாசலில் நிற்கும் காருக்கும் மதிப்புப் போட வேண்டும். நாட்டின் மிகப் பெரிய சொத்துகள் எந்த வடிவில் இருக்கின்றன என்று தெரியாமலா செய்திருப்பார்கள்? 2013-14-ல் மொத்த வசூல் 1,008 கோடி. இது எதற்கு என்று 2015 பட்ஜெட்டில் அப்போதைய நிதியமைச்சர் அருண் ஜேட்லி அதையும் நீக்கினார். பதிலுக்கு அவர் போட்டது, 1 கோடிக்கு மேல் வருமானம் உள்ளவர்களுக்கு 2 சதவீதக் கூடுதல் சர்சார்ஜ். மறுபடியும் வருமானம்!

உங்கள் அண்ணனையும் விடுவதாக இல்லை. விகிதத்தை ஏற்று, ஏற்று என்பதும் நாம் பார்த்த கூத்துதான். 1973-74-ல் வருமான வரியின் உச்சம் 97.75 சதவீதம். நூறு ரூபாயில் இரண்டேகால் ரூபாய் மிஞ்சும் என்றால் எவன் கணக்கில் காட்டுவான்? அதற்கு முன்பே அரசே அமைத்த வாஞ்சூ குழு, கறுப்புப் பணத்துக்கு இந்த விகிதங்களும் முக்கியக் காரணம் என்று எழுதிக் கொடுத்திருந்தது. இருவருமே வருமானத்தைப் பிடித்துக்கொண்டு சண்டை போடுகிறீர்கள். இதற்காக ஒரு மாதம் பேசாமல் இருக்கிறீர்களாம். வெட்கமாக இல்லை? இன்றைக்கே போன் செய்யுங்கள்.

வாரிசு வரி போட்டால் தொழில்கள் சிதறிப்போகும் என்பார்கள். தென்கொரியாவில் உச்ச விகிதம் 50 சதவீதம், ஜப்பானில் 55. சாம்சங் தலைவர் லீ குன்-ஹீ 2020-ல் இறந்தார். அவர் குடும்பம் 12 லட்சம் கோடி வோனுக்கு மேல் கட்ட ஒப்புக்கொண்டது, ஐந்து ஆண்டுகளில் தவணையாக. கம்பெனி ஓடிக்கொண்டுதான் இருக்கிறது. நான் அவ்வளவெல்லாம் கேட்கவில்லை. குடியிருக்கும் வீடு, தாத்தா நிலம், அம்மா நகை எதையும் தொட வேண்டாம். எல்லையை 10 கோடி என்று வைக்கட்டும், 50 கோடி என்றாலும் எனக்குச் சம்மதம். அதற்குமேல் 10 சதவீதம் போதும். ஆனால் பங்கும் சேர வேண்டும், டிரஸ்டும் சேர வேண்டும், கொல்லைப்புற வாசல் ஒன்றுகூட இருக்கக் கூடாது.

நடக்குமா என்றால், நடக்காது. 2024 ஏப்ரலில் தேர்தல் நடுவே காங்கிரஸ்காரரான சாம் பிட்ரோடா, அமெரிக்காவில் இப்படி ஒரு வரி இருக்கிறது, நாமும் விவாதிக்கலாம் என்றார். உங்கள் சொத்தைப் பிடுங்க வருகிறார்கள் என்று பாஜக மேடைக்கு மேடை முழங்கியது. அது அவருடைய சொந்தக் கருத்து என்று காங்கிரஸ் கைகழுவியது. அந்த வாரம் வீட்டில் ஸ்விட்ச் மாற்ற வந்த எலக்ட்ரீஷியன் ஏணியில் நின்றபடியே கேட்டார், “பசங்களுக்கு விட்டுட்டுப் போறதுலயும் பாதியப் புடுங்கிப்பாங்களாமே சார்?”

“உங்களுக்குச் சொந்த வீடா?” என்றேன்.

“லோன் சார். இன்னும் பதினாலு வருஷம் இருக்கு” என்றார்.